திபெத் பீடபூமியில் உறைநில ஆப்புகளின் வயதைக் கணிப்பது

உறைநில ஆப்பு என்பது கடுங்குளிரில் நிலம் வெடித்த பிளவு நிரம்பி உருவாகும் ஆப்பு வடிவப் படிவு. அதிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் கடைசியாக வெளிச்சம் கண்டு எவ்வளவு காலமாயிற்று என்று அளந்து வயதைக் கணிக்கிறோம். முதலில் ஆப்பின் வகையைத் தீர்மானியுங்கள். மணல் ஆப்பில், கடுங்குளிரில் நிலம் வெடித்தபோதே காற்றடித்த மணல் இறங்கியிருக்கும். செங்குத்தான அடுக்குகள் தெரியும். பனி ஆப்பு விட்டுச்சென்ற வார்ப்பிலோ, பிளவிலிருந்த பனி உருகிய பிறகே மண் சரிந்து நிரம்பும். அந்த மண்ணின் வயது குளிரின் காலமல்ல, உருகலின் காலம். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஆப்பு வெளித்தெரியும் மண் சுவரைச் செதுக்கிவிட்டு, 5 செ.மீ. விட்ட எஃகுக் குழாயை ஆப்பின் நடுவில் அடித்து இறக்கி மாதிரி எடுங்கள். ஆப்பு துளைத்த படிவிலும், அதை மூடிய படிவிலும் ஒவ்வொன்று எடுத்தால் வயதுக்கு இரு எல்லைகளும் கிடைக்கும். குழாயின் முனைகளைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடுங்கள். வெளிச்சம் பட்டால் மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சால் குவார்ட்ஸ் மணிகளில் சேர்ந்த சமிக்ஞை அழிந்து வயது குறைந்துவிடும். முனை மண்ணை அந்தக் கதிர்வீச்சை அளப்பதற்கு ஒதுக்குங்கள்.

இன்றைய காய்ந்த சுவரின் ஈரப்பதத்தை அப்படியே கணக்கில் போடாதீர்கள். உறைந்த காலத்தில் நிலம் பனியால் நிறைந்திருக்கலாம்; ஈரம் கதிர்வீச்சின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். ஈரம் 1% கூடினால் வயதும் ஏறத்தாழ 1% கூடும்.