கர்ப்பம் என்று தெரிந்ததும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தலாமா?

சோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் தவறுகளில் பெரியது இதுதான். தீவிர மனச்சோர்விலிருந்து தேறியிருந்த கர்ப்பிணிகளைப் பற்றி 2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது; தொடர்ந்தவர்களில் 26 சதவீதம். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, செக்கப்புக்குப் போகவே மனமில்லாமல் கிடக்கும் தாயின் நிலை பிள்ளையையும் பாதிக்கும். குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரையின் ஆபத்தைக் கணக்கிடும் வீடு, இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

எல்லா மாத்திரையும் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து கர்ப்பத்தில் நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது; பல மருத்துவர்களின் முதல் தேர்வு அதுதான். பராக்ஸெடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து குழந்தையின் இதயத்தைப் பாதிக்கலாம் என்று 2005-இல் எச்சரிக்கை வந்தது. இருமுனைக் கோளாறுக்கு (மனம் அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) தரும் வால்ப்ரோயேட் மனச்சோர்வு மருந்தே அல்ல, ஆனால் குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. அதைச் சாப்பிடுகிறவர்கள் கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே கர்ப்பம் என்றால் அன்றே அவரிடம் போகவேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

"பாதியாவது குறைச்சுக்கிறேன்" என்று மாத்திரையை உடைப்பதும் வேண்டாம். கடைசி மாதங்களில் உடம்பு மருந்தை வேகமாகக் கரைத்துவிடுவதால் சிலருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும்.

மகப்பேறு மருத்துவரிடம் மறைப்பவர்களும் இருக்கிறார்கள். மாமியார் கூட வந்திருக்கும்போது சொல்லக் கூச்சம், புரிகிறது. தனியாகப் பேச வேண்டும் என்று நர்சிடம் கேளுங்கள். கடைசி மாதங்களில் மருந்து எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய 100-க்கு 30 பேருக்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிப்பதில் சிரமம் வரலாம். பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். நுரையீரல் இரத்த அழுத்தப் பிரச்சினை அரிது: பொதுவாக 1000 குழந்தைகளில் 2 பேருக்கு வருவது, 3 பேர் அளவுக்குக் கூடலாம். விஷயம் தெரிந்தால்தான் குழந்தை மருத்துவர் கவனித்துப் பார்ப்பார்.

பிரசவம் முடிந்ததும் "இனி எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள். நோய் திரும்ப அதிக வாய்ப்புள்ள காலமே அதுதான். தாய்ப்பாலில் செர்ட்ராலின் மிகக் குறைவாகவே கலக்கிறது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.