வேக்குவம் பிரேக்கர் காண்டாக்ட்: தேய்ந்த பிறகும் தாங்கும் ஸ்பிரிங்கைக் கணக்கிடுவது எப்படி?

ஓசூரில் எங்கள் பட்டறையில் பழைய எண்ணெய் பிரேக்கர்களை எடுத்துவிட்டு, அதே பெட்டியில் வேக்குவம் பாட்டில் (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் இரண்டு காண்டாக்ட்டும் வெற்றிடத்துக்குள் இருக்கும் மூடிய குடுவை) பொருத்தித் தருகிறோம். முதன்முதலாக, அந்தக் காண்டாக்ட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை நானே கணக்கிட்டு, பிரேக்கரைப் பெங்களூருக்கு ஷார்ட் சர்க்யூட் சோதனைக்கு அனுப்பினேன். புதிதாக இருந்தபோது நன்றாகத் தாங்கியது. காண்டாக்ட் தேய்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ஓவர் டிராவலை (காண்டாக்ட்டுகள் தொட்ட பிறகும் ஸ்பிரிங்கை அமுக்க மெக்கானிசம் நகரும் தூரம்) 3 மி.மீ. குறைத்து மறுபடி சோதித்தோம். நடு ஃபேஸ் திறக்கவே இல்லை. பாட்டிலை அறுத்துப் பார்த்தால் இரண்டு காண்டாக்ட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உருகி ஒட்டியிருந்தன. அந்தக் கணக்கைச் சரிசெய்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது 12 கிலோவோல்ட் பிரேக்கர்; வழக்கமான ஓட்டத்துக்கு 1250 ஆம்பியர், ஷார்ட் சர்க்யூட்டுக்கு 25 கிலோ ஆம்பியர்.

முதலில் உலோகம். இதில் அதிகம் யோசிக்க வேண்டாம், செம்பு-குரோமியம்தான். குரோமியம் எடையில் 25 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். சுத்தச் செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் எளிதில் ஒட்டிக்கொள்ளும். உலோகத்துக்குள் வாயு சிக்கியிருக்கவும் கூடாது. 1926இலேயே கலிபோர்னியாவில் சோரன்சனும் மென்டன்ஹாலும் வெற்றிடத்தில் மின்னோட்டத்தைத் துண்டித்துக் காட்டிவிட்டார்கள். அப்படியும் இது தொழிலாக மாறப் பல பத்தாண்டுகள் ஆனதற்கு, உலோகத்திலிருந்து கசிந்து வெற்றிடத்தைக் கெடுத்த வாயு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது வடிவம். சுமார் 10 கிலோ ஆம்பியர் வரை வெற்றிடத்தில் மின்வில் (காண்டாக்ட்டுகள் பிரியும்போது இடையில் எரியும் மின்பொறி) காண்டாக்ட் முகம் முழுக்கப் பரவி எரியும். அதற்கு மேல் ஒரே இடத்தில் குவிந்து அங்கே குழி பறிக்கும். அதனால் 25 கிலோ ஆம்பியருக்குத் தட்டையான முகம் போதாது. சுருள் பள்ளம் வெட்டி வில்லைச் சுற்றிச் சுற்றி ஓட வைக்கலாம். அல்லது அச்சுத் திசையில் காந்தப்புலம் உண்டாக்கி, வில் குவியாமல் பரவியே எரியும்படி செய்யலாம். எங்களைப் போல் பாட்டிலை வெளியே வாங்குபவர்களுக்கு இது முன்பே முடிவாகி வந்துவிடும்.

சரி, இப்போது விசை. மூடியிருக்கும் இரண்டு காண்டாக்ட்டும் முகம் முழுக்கத் தொடுவதில்லை, சில சிறு புள்ளிகளில்தான் தொடுகின்றன. மின்னோட்டம் அந்தப் புள்ளியை நோக்கிக் குறுகி, மறுபக்கம் மீண்டும் விரிகிறது. அங்கே இரு முகங்களிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் காண்டாக்ட்டுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒரே புள்ளியில் தொடுவதாக வைத்துக்கொண்டால், உச்ச மின்னோட்டத்தைக் கிலோ ஆம்பியரில் எழுதி, அதை வர்க்கப்படுத்தி, 0.445ஆல் பெருக்கினால் தள்ளும் விசை நியூட்டனில் கிடைக்கும்.

ஷார்ட் சர்க்யூட்டின் முதல் அலையில் மின்னோட்டம் எகிறுவதால், 25 கிலோ ஆம்பியர் பிரேக்கரின் உச்சம் 62.5 கிலோ ஆம்பியர், அதாவது 2.5 மடங்கு. 62.5 × 62.5 × 0.445 = 1738 நியூட்டன். ஏறத்தாழ மூன்றரை மூட்டை சிமென்ட் எடை. ஸ்பிரிங் இதைவிடக் குறைவாக அழுத்தினால் காண்டாக்ட் ஒரு கணம் விலகும், இடையில் வில் பிடிக்கும், முகம் உருகும், மீண்டும் சேரும்போது பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்ளும்.

நான் தவறியது இதற்கு அடுத்த படியில். தொடும் கணத்தில் 1500 நியூட்டன், மில்லிமீட்டருக்கு 150 நியூட்டன் ஏறும் ஸ்பிரிங், 4 மி.மீ. ஓவர் டிராவல் என்று வைத்திருந்தேன். முழுக்க மூடினால் 1500 + 600 = 2100. தேவை 1738 தானே, நிறைய இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

காண்டாக்ட் தேயத் தேய ஓவர் டிராவல் குறைகிறது, ஸ்பிரிங் தளர்கிறது. 3 மி.மீ. தேய்ந்தால் மிஞ்சுவது 1 மி.மீ. மட்டும், விசை 1650. பாட்டிலின் பெல்லோஸ் (நகரும் தண்டோடு சுருங்கி விரியும் உலோக மடிப்புக் குழாய்) மீது வெளிக்காற்று அழுத்துவதையும் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பாட்டிலில் அது ஏறத்தாழ 114 நியூட்டன். (ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கடற்கரை ஊரைவிடச் சற்றுக் குறைவு.) சேர்த்தால் 1764, காகிதத்தில் தப்பிவிடுகிறது. ஆனால் நேரில் ஒட்டிக்கொண்டது. 0.445 ஒரு தோராய எண், 26 நியூட்டன் இடைவெளியை நம்பி அதில் நிற்க முடியாது. இப்போது காற்றின் உதவியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தேய்ந்த நிலையில் 15 சதவீதம் கூடுதலாக, 2000 நியூட்டன் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இதற்குக் கெட்டியான ஸ்பிரிங் போடத் தோன்றும். அது தவறு. கெட்டியாக இருந்தால் தேய்மானத்தில் விசை வேகமாக விழும். மென்மையான ஸ்பிரிங்கை எடுத்து முன்கூட்டியே நிறைய அமுக்கி வையுங்கள். தொடும் கணத்தில் 1950, மில்லிமீட்டருக்கு 75 என்று மாற்றினேன். புதிதில் 2250, 3 மி.மீ. தேய்ந்த பிறகு 2025. இதற்கு விலையும் உண்டு. ஸ்பிரிங்கை அமுக்க ஒரு ஃபேஸுக்கு 7.2 ஜூல் போதுமாக இருந்தது, இப்போது 8.4 வேண்டும். மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து 3.6 ஜூல் கூடுதல், அதை மூடும் மெக்கானிசம் தர வேண்டும். இதைச் சரிபார்க்காமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் பிரேக்கர் முழுக்க மூடாமல் பாதியில் நிற்கும். மெக்கானிசத்தையும் சரிசெய்து அனுப்பினோம். தேய்ந்த நிலைச் சோதனையில் மூன்று ஃபேஸும் திறந்தன.

தட்டு வாஷர்களை அடுக்கிய ஸ்பிரிங் இடத்தை மிச்சப்படுத்தும். இருந்தாலும் அந்தச் சிறிய இடத்துக்குள் அது பெரும்பாலும் கெட்டியாகவே அமைகிறது, அதனால் எனக்குச் சுருள் ஸ்பிரிங்தான். வரைபடத்தில் 75 என்று போட்டிருந்தாலும் மூன்று ஸ்பிரிங்கையும் டெஸ்டரில் அமுக்கி அளந்து பாருங்கள். கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் போதும். காண்டாக்ட்டின் விளிம்பு வளைவில் மின்புலம் எவ்வளவு என்று பார்க்க இலவச மென்பொருளான எஃப்.இ.எம்.எம். நல்லது. ஆனால் சுருள் பள்ளம் முப்பரிமாணம், அதை இதில் பார்க்க முடியாது.

கடைசியாக, மூடிய காண்டாக்ட்டுகளின் மின்தடை. 100 ஆம்பியர் செலுத்தும் மைக்ரோ ஓம் மீட்டரில் அளவெடுங்கள், மல்டிமீட்டர் இதற்கு உதவாது. 20 மைக்ரோ ஓம் என்றால் 1250 ஆம்பியரில் சுமார் 31 வாட் சூடு. பாட்டிலுக்குள் காற்று இல்லாததால் அந்தச் சூடு பெரும்பாலும் செம்புத் தண்டு வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளி இணைப்பைச் சிறியதாக வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: தனக்கு 278 நியூட்டன்தான் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உச்சத்துக்குப் பதில் 25ஐ அப்படியே போட்டிருக்கிறார். 2.5ஆல் பெருக்கிய பிறகு வர்க்கப்படுத்துங்கள். ஜெனரேட்டருக்கு அருகில் பொருத்துவதானால் 2.7 தேவைப்படலாம். அப்போது விசை 2000ஐத் தாண்டிவிடும்.

பின்சேர்க்கை 2: "எங்கள் ஊர் ஃபீடரில் 25 கிலோ ஆம்பியர் வரவே வராதே" என்று பலர் கேட்கிறார்கள். நீண்ட கிராமத்து லைனில் வராது, உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியை நாளைக்கு யார், எந்தத் துணை மின்நிலையத்தில் கொண்டுபோய் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. பெயர்ப்பலகையில் 25 என்று அடித்தால் 25ஐத் தாங்க வேண்டும்.

பின்சேர்க்கை 3: தர்மபுரியில் பம்ப் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு நண்பர், வேக்குவம் பிரேக்கரால் மோட்டாரை நிறுத்தும்போது மோட்டார் கம்பிச் சுருளின் காப்பு (இன்சுலேஷன்) கெடுகிறதே, அதற்கும் ஸ்பிரிங்தான் காரணமா என்று கேட்டார். இல்லை. மின்னோட்டம் தானாகப் பூஜ்யத்துக்கு வருவதற்குச் சற்று முன்பே வில் சட்டென்று அணைந்துவிடும். செம்பு-குரோமியத்தில் இது சில ஆம்பியர் அளவில் நடக்கும். அப்போது மோட்டாரில் மின்னழுத்தம் எகிறுகிறது. மோட்டார் முனையில் சர்ஜ் அரெஸ்டரோ (எகிறும் மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் கருவி), மின்தேக்கியும் மின்தடையும் சேர்ந்த இணைப்போ போடச் சொன்னேன்.