வேற்றினப் பின்னக் கூட்டல்: ஒரே வகுப்புக்கு மூன்று நிலைச் செயல்பாடுகள் தயாரிக்கும் முறை

ஒரு மாணவருக்குச் சமான பின்னமே இன்னும் பிடிபட்டிருக்காது. பக்கத்தில் இருப்பவர் விடையை எழுதி முடித்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள் பயன்படாது. அதற்காக இரண்டு பாடம் நடத்தவும் தேவையில்லை. இலக்கு ஒன்றாகவே இருக்கட்டும், முதல், நடு, மேல் என மூன்று நிலைகளில் ஏறும் படிகளின் உயரத்தை மட்டும் மாற்றுங்கள்.

பகுதி, அதாவது கோட்டுக்குக் கீழ் உள்ள எண், வெவ்வேறாக இருப்பவையே வேற்றினப் பின்னங்கள். இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: "வேற்றினப் பின்னங்கள் இரண்டைக் கூட்டுவார்கள், பொதுப் பகுதி ஏன் வேண்டும் என்று விளக்குவார்கள்." அந்த 'ஏன்' விட்டுப்போனால் மூன்று நிலைகளும் வேகப் போட்டியாகிவிடும்.

முந்தைய நாள் 7 நிமிடத்தில் நான்கு கேள்விகள் கொடுங்கள்: 1/2-க்குச் சமமான இரண்டு பின்னங்கள், 2/7 + 3/7, படம் வரைந்து 1/2 + 1/4, கடைசியாக 2/3 + 1/4. தாள்களை மதிப்பெண்படி அடுக்காதீர்கள், தவறின் வகைப்படி அடுக்குங்கள். 1/2 + 1/4 = 2/6 என்று எழுதியவர் மேல் எண்ணான தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறார்; பின்னம் என்ன என்பதிலேயே அவருக்குக் குழப்பம். 2/3 + 1/4 = 10/12 என்று எழுதியவரோ 8-ஐயும் 3-ஐயும் கூட்டுவதில் சறுக்கியவர். இருவருக்கும் போனது ஒரே ஒரு மதிப்பெண்தான், ஆனால் இரண்டாமவருக்கு முதல் நிலை தேவையில்லை.

தயாரிக்கும்போது நடு நிலையில் தொடங்குங்கள். 2/3 + 1/4, 1/2 + 2/5, 5/6 + 1/8 ஆகிய மூன்று கணக்குகள் போதும். ஏதாவது ஒன்றுக்கு, அந்தப் பொதுப் பகுதியை எடுத்ததற்கான காரணத்தை இரண்டு வரியில் எழுத வேண்டும்.

முதல் நிலைக்குக் காகிதப் பட்டைகள். முழுப் பட்டை 24 செ.மீ. இருக்கட்டும்: 1/2-க்கு 12, 1/3-க்கு 8, 1/4-க்கு 6, 1/6-க்கு 4, 1/12-க்கு 2 செ.மீ. என்று முழு எண்ணாகவே வரும். இருவருக்கு ஒரு தொகுப்பு. ஒவ்வொரு அளவிலும் ஒரு முழுமை ஆகும் அளவுக்குத் துண்டுகள். 1/3, 1/4 துண்டுகளை ஒட்டி வைத்து, 'இரண்டையும் தனித்தனியே மிச்சமில்லாமல் நிரப்பும் ஒரே அளவுத் துண்டு எது?' என்று கேளுங்கள். 4 செ.மீ. துண்டு 8-ஐ நிரப்பும், 6-இல் இடறும். 2 செ.மீ. துண்டு இரண்டிலும் பொருந்தும்: 4 + 3, ஆக 7/12. பொதுப் பகுதி ஏன் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். 1/5 மட்டும் வேண்டாம், 4.8 செ.மீ. வெட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

வரிசை: 1/2 + 1/4, 1/3 + 1/4, பிறகு பட்டை இல்லாமல் 2/3 + 1/4. மூன்றாவது, நடு நிலையின் முதல் கணக்கேதான். வுட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1976-இல் இத்தகைய உதவியைக் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். சாரத்தைப் பிரிக்கும் இடத்தையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டையை விட்டு அவர்கள் நகரவே மாட்டார்கள்.

மேல் நிலையில்தான் பலர் தவறுகிறார்கள்: கூடுதலாகப் பத்துக் கணக்கு கொடுப்பார்கள். முன்னதாக முடித்ததற்கு அது தண்டனை. எண்ணிக்கையைக் கூட்டாமல் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "தொகுதி 1 ஆக உள்ள இரு பின்னங்களின் கூடுதல் 5/12. அவை எவை? வேறு விடை இல்லை என்று எப்படிச் சொல்வாய்?" விடை இரண்டு: 1/4 + 1/6, 1/3 + 1/12. பெரிய பின்னம் 5/12-இல் பாதிக்குக் குறையக் கூடாது, 1/2 ஆகவும் முடியாது. எனவே 1/3, 1/4 தவிர வழியில்லை. இதற்கு மூன்று குறிப்பு அட்டைகளை உறையில் போட்டு வையுங்கள்.

45 நிமிட வகுப்பென்றால் அறிமுகம் 5, செயல்பாடு 25, பகிர்வு 10, கடைசிக் கேள்வி 5. செயல்பாட்டின் முதல் 8 நிமிடம் பட்டைக் குழுவோடு இருங்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் எழுந்து வந்தால், பெரும்பாலும் அவர்களின் செயல்பாட்டு அட்டையில் உள்ள அறிவுறுத்தல்தான் தெளிவில்லை. அதன்பின் மேல் நிலைக்குப் போங்கள். அவர்கள் முட்டி நிற்பது ஏறக்குறைய அப்போதுதான்.

எல்லா அட்டைகளும் ஒரே அளவு, ஒரே நிறம். குழுக்களுக்கு என்ன பெயர் வைத்தாலும், எது எந்தக் குழு என்று பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே பெயரில் மெனக்கெடாமல், ஒவ்வொரு பாடத்துக்கும் புதிதாகக் குழு பிரியுங்கள்.

கடைசிக் கேள்வி அனைவருக்கும் பொது: "1/2 + 1/3 = 2/5 என்று ஒருவர் எழுதினார். கூட்டிப் பார்க்காமலே தவறென்று எப்படித் தெரியும்?" 2/5, 1/2-ஐவிடச் சிறியது என்று சொன்னவர்கள் மறுநாள் கழித்தலுக்குப் போகலாம். சொல்லாதவர்களில் மேல் நிலைக்காரர் இருந்தால், அவருக்கும் ஒரு பட்டைத் தொகுப்பு கொடுங்கள்.