விசாரிப்போடு நின்ற பேஸ்பால் கார்டுகள் விற்ற விதம்

நியூ ஜெர்சியில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஆன்லைனில் பழைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) விற்கிறேன். ‘இன்னும் இருக்கா?’ என்று கேட்பார்கள். அதோடு ஆள் மாயம். அப்பர் டெக் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட, கென் கிரிஃபி ஜூனியர் என்ற ஆட்டக்காரரின் கார்டு, அந்த செட்டின் முதல் எண், அதுகூட நகரவில்லை.

படம்தான் சிக்கல். கெட்டி பிளாஸ்டிக் உறையோடு எடுத்தால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், மூலைகள் தெரியாது. கிரிஃபி கார்டுக்குப் போலிகள் உண்டு என்பதால் வாங்குபவர் தயங்குவார். உறையிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் வைத்து, நான்கு மூலைகளையும் தனித்தனியாக, பின்பக்க ஹாலோகிராமை (மின்னும் முத்திரை) சாய்த்துப் பிடித்தும் படம் எடுத்துப் போட்டேன். ஒரு மூலை நுனி வெளுத்திருந்தது, அதையும் காட்டினேன். பேரம் பாதி அங்கேயே முடிந்தது.

அப்புறம் விலை. ஈபேயில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

மரச்சட்டம் மாதிரி ஓரம் வைத்த, டாப்ஸ் நிறுவனத்தின் 1987 கார்டுகள் அந்தக் காலத்தில் அச்சடித்துத் தள்ளிய சரக்கு, ஒற்றையாகப் போகாது. யாங்கீஸ், மெட்ஸ் என்று அணிவாரியாகக் கட்டியதும் போய்விட்டது. கை மாற்றுவது காவல் நிலைய வாசலில், ரொக்கத்துக்கு. அங்கே வர மறுப்பவரிடம் பேச்சை வளர்ப்பதில்லை.