"போலே போலே" என்றால் மெதுவாக: நெல்லைச் சீமையிலிருந்து கிளிமஞ்சாரோ ஏறும் குழுவுக்கு

கிளிமஞ்சாரோவில் வழிகாட்டி நாள் முழுக்கச் சொல்லும் சொல் "போலே போலே". நெல்லைக் காதுக்கு அது "போலே, வெரசாப் போ" என்று விரட்டுவது போலத்தான் விழும். சுவாகிலியில் பொருள் நேர் எதிர்: மெதுவாக, மெதுவாக. முதல் இரண்டு நாள் எட்டி நடந்து முன்னால் போகிற ஆள்தான் மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தில் படுப்பார்.

கிளிமஞ்சாரோ தான்சானியாவிலுள்ள எரிமலை. ஷிரா, மாவென்சி, கிபோ என்று மூன்று கூம்புகள். முதல் இரண்டும் அணைந்துபோனவை, கிபோ உறங்குகிறது. அதன் விளிம்பிலுள்ள உகுரு முனைதான் உச்சி, 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏறும் வேலையில்லை, நடந்தே போய்விடலாம். அதனாலேயே பலர் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். திருநெல்வேலி கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் இருந்தால் அதிகம். நம் பொதிகையின் உச்சி 1,868 மீட்டர். கிளிமஞ்சாரோவில் ஏற்றம் தொடங்கும் மச்சாமே பாதையின் வாசலே ஏறக்குறைய அவ்வளவு உயரம். உச்சியில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிதான். கால் பலம் எவ்வளவு இருந்தாலும், மூச்சுக்கு மூச்சு பாதி ஆக்சிஜன்தான் உள்ளே போகும்.

பாதையை விட நாள் கணக்கு முக்கியம்

வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது இரண்டுதான்: எந்தப் பாதை, எத்தனை நாள். மராங்கு பாதையில் குடிலும் கட்டிலும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் அதன் ஐந்து நாள் திட்டம் 2,700, 3,700, 4,700 என்று தினம் ஆயிரம் மீட்டர் ஏற்றிவிடும். உடம்பு அதற்கு ஈடுகொடுக்காது. மராங்குதான் வேண்டுமென்றால் ஹொரொம்போ குடிலில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் திட்டத்தை எடுங்கள்.

பெரும்பாலான குழுக்களுக்கு ஏழு நாள் மச்சாமே பாதை பொருந்தும். அதில் மூன்றாம் நாள் லாவா டவர் என்ற எரிமலைப் பாறை வரை, சுமார் 4,600 மீட்டர் ஏறி, மதியம் சாப்பிட்டுவிட்டு, நாலாயிரத்துக்குக் கீழே பரான்கோ முகாமில் இறங்கிப் படுப்பீர்கள். வெட்டி ஏற்றம் என்று தோன்றும். ஆனால் பகலில் மெல்லிய காற்றைக் கண்ட உடம்பு மூச்சை ஆழப்படுத்தக் கற்றுக்கொள்கிறது, இரவில் கீழே தூங்கித் தேறுகிறது. உச்சிக்குப் போவதைத் தீர்மானிக்கும் நாள் இதுதான். ஆறு நாள் மச்சாமே என்றால் கரங்கா முகாமில் தங்காமல் உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவுக்கு நேராகத் தள்ளிவிடுவார்கள். மிச்சமாகும் காசுக்கு அது தகாது. விடுப்பும் பணமும் இருந்தால் எட்டு நாள் லெமோஷோ பாதை இன்னும் நல்லது.

ஜனவரி, பிப்ரவரி, பிறகு ஜூன் முதல் அக்டோபர் வரை ஏறலாம். மார்ச் பிற்பகுதி முதல் மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. உச்சி ஏறும் இரவு பௌர்ணமியை ஒட்டி அமைந்தால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

நிறுவனத்திடம் முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: உச்சி இரவில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? இரண்டு மூன்று பேருக்கு ஒருவர் வேண்டும். ஒருவர் திரும்பினால் கூடவே ஒரு வழிகாட்டி இறங்க வேண்டும், ஆள் போதாவிட்டால் நன்றாக இருப்பவரும் திரும்ப நேரிடும். ஆக்சிஜன் உருளை, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி இரண்டும் கொண்டுவருவார்களா என்பதையும் கேளுங்கள்.

ஊரிலேயே பன்னிரண்டு வாரம்

இந்த மலைக்கான உயரப் பழக்கத்தைத் தமிழ்நாட்டில் எங்கும் பெற முடியாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆகவே இங்கே பழக்க வேண்டியவை கால், மூச்சு, முதுகு மூன்றும்தான்.

முதல் நாலு வாரம் வாரத்துக்கு நாலு நாள், ஒரு மணி நேரம் வேக நடை. அடுத்த நாலு வாரம் முதுகுப்பையில் நாலு லிட்டர் தண்ணீர் வைத்துப் படியேற்றம். கடையம் பக்கம் தோரணமலை முருகன் கோயில் படிகள் இதற்கு வாகானவை. ஒரு முறை ஏறி இறங்கினால் போதாது, காலையில் இரண்டு மூன்று முறை ஏறுங்கள். கடைசி நாலு வாரம் சனி, ஞாயிறு அடுத்தடுத்த நாளில் ஐந்தாறு மணி நேரம் நடங்கள். களைத்த காலோடு மறுநாளும் நடப்பதுதான் அங்கே தினமும் நடக்கப்போவது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

நம் மலைப் பாறை காலுக்குப் பிடி கொடுக்கும். கிபோவின் சரிவு அப்படியல்ல, சாம்பலும் பொடிக்கல்லும் கலந்தது. ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்கு இழுக்கும். அதற்கு ஒத்திகை பார்க்கத் திசையன்விளைப் பக்கத்துத் தேரியை விட்டால் வேறு இடமில்லை. செம்மணல் மேட்டில் விடிகாலை ஒரு மணி நேரம், குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தைத் தட்டையாகப் பதித்துச் சின்ன அடிகளாக ஏறிப் பாருங்கள். பெரிய அடி வைக்கிறவர் பத்து நிமிடத்தில் இரைப்பார்.

இறக்கத்தை மறந்துவிடாதீர்கள். உச்சியிலிருந்து ம்வெகா முகாம் வரை ஒரே நாளில் சுமார் 2,800 மீட்டர் இறக்கம், மூட்டு கழன்றுவிடும் போலிருக்கும். இறங்கும்போது இரண்டு கையிலும் நடைக்கோல் வேண்டும். கால் நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் பூட்ஸ் முனையில் இடித்துக் கறுத்துவிடும். பூட்ஸை இரண்டு மாதம் முன்பே வாங்கி இங்கேயே நடந்து பழக்குங்கள்.

மருந்து, பை, தீனி

இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் எடுங்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விரல் மரப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் டயமாக்ஸின் இயல்பு. முதல் முறை மலையில் போட்டுப் பயப்படுவதற்குப் பதில் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்க்கலாம். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் வைத்திருங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும்.

பருத்திப் பனியனை ஊரிலேயே விட்டுவிடுங்கள். வியர்வையைக் குடித்துவிட்டு நெஞ்சிலேயே குளிரும். உச்சியில் குளிர் மைனஸ் பத்து, பதினைந்துக்குப் போகும். உள்ளே வியர்வை கடத்தும் துணி, நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத உறை, இதோடு ஒரு தடித்த இறகு ஜாக்கெட். சுமைகாரர் தூக்கும் உங்கள் பை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தான்சானியாவில் பிளாஸ்டிக் பைக்கு 2019 முதல் தடை. கடைக்காரர் தந்த கேரி பேக்கில் துணி சுற்றிக் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடச் சொல்வார்கள். நம் மஞ்சப்பை போதும்.

நாலாயிரம் மீட்டருக்கு மேல் பசி செத்துவிடும். சமையல்காரர் சோறும் சூப்பும் தருவார், ஆனால் இறங்காது. பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், சுக்குக் காப்பிப் பொடி கையில் இருந்தால் இரண்டு வாய் கூடப் போகும். அல்வா ஆசையோடு எடுத்துப் போவார்கள். குளிரில் நெய் உறைந்து மெழுகாகிவிடும், அதைக் கீழேயே தின்று தீர்த்துவிடுவது மேல். உச்சி இரவுக்குக் கடலை மிட்டாயைச் சிறு துண்டாக உடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், முழு வில்லை குளிரில் பல்லைப் பதம் பார்க்கும்.

உச்சி இரவு

நள்ளிரவில் பராஃபுவிலிருந்து கிளம்புவீர்கள். உறைந்த பொடிக்கல் இரவில் ஓரளவு இறுகியிருக்கும் என்பதும், உச்சியில் விடிந்து, வெயிலும் மேகமும் ஏறுமுன் இறங்கலாம் என்பதும் காரணம். கிபோவின் விளிம்பிலுள்ள ஸ்டெல்லா முனை வரை ஆறேழு மணி நேரம். குழுவில் ஆக மெதுவான ஆளை வழிகாட்டிக்கு நேர் பின்னால் நிறுத்துங்கள், துடிப்பான பையனைக் கடைசியில் விடுங்கள். மாற்றி நிறுத்தினால் வரிசை அறுந்து, பின்னால் வருகிறவர் ஓடி ஓடிப் பிடித்து மூச்சை இழப்பார். ஓய்வு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே குளிர் பிடித்துவிடும்.

தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிடும். உறிஞ்சியபின் குழாய்க்குள் திருப்பி ஊதிவிடுங்கள். பாட்டிலைக் காலுறைக்குள் தலைகீழாக வையுங்கள், பனி மேல்பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும். மூடி திறக்க வரும். தலைவிளக்கின் உபரி மின்கலமும் செல்போனும் உடம்போடு ஒட்டிய உள்பையில் இருக்கட்டும்.

லேசான தலைவலி பலருக்கும் வரும், ஆனாலும் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. குதிகாலையும் விரலையும் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, நுரையாகச் சளி வருவது, இதில் ஒன்று இருந்தாலும் நடு இரவானாலும் உடனே இறக்க வேண்டும். வலி மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு ஏறும் வீம்பு உயிருக்கு வினை. திரும்பு என்று வழிகாட்டி சொன்னால் திரும்புவது என்று ஊரிலேயே எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பேசினால் அண்ணாச்சிக்கு வருத்தம், தம்பிக்குக் கோபம் என்று இழுத்துக்கொண்டே போகும்.

இறங்கியபின் ம்வெகா வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் தருவார்கள். சுமைகாரர், சமையல்காரர், வழிகாட்டிகளுக்கான அன்பளிப்பை அங்கேயே கொடுப்பது வழக்கம். தலைக்கு 200 முதல் 300 டாலர் ஒதுக்குங்கள், பழைய கிழிசல் நோட்டை வாங்கமாட்டார்கள். மொத்தத்தையும் ஒரு கவரில் போட்டு ஒருவர் கையில் கொடுக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு என்று தாளில் எழுதி, எல்லாரும் நிற்கும்போது சத்தமாக வாசித்து, அவரவர் கையிலேயே கொடுங்கள்.