கடற்கழுகுக் கூட்டை ஓட்டோவுக்குள் இருந்தே பாருங்கள்

வெண்வயிற்றுக் கடற்கழுகு குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க மறைப்பு, விலையான லென்ஸ் எதுவும் தேவையில்லை. ஓட்டோவைக் கூடு தெரிகிற தூரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் உள்ளேயே இருங்கள். நடந்து வரும் மனித உருவத்தைக் கண்டால்தான் பறவை மிரளும்; அசையாமல் நிற்கிற வண்டியை அவ்வளவாகச் சட்டை செய்யாது. திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் என்றால் காலையில் மரத்துக்கும் கடலுக்கும் நடுவே நிறுத்துங்கள். வெயில் முதுகுப் பக்கம் விழும். தாய் மீனைக் கிழித்து அலகோடு அலகாக ஊட்டுவது சாதாரண பைனாகுலரிலேயே தெளிவாகத் தெரியும். கூட்டில் பழுப்பு நிறத்தில் நிற்பது வேறு பறவை அல்ல, வளர்ந்த குஞ்சுதான்.

அடைகாக்கும் காலத்தில் இது சரிவராது. அப்போது தொந்தரவு கூடினால் கூட்டையே கைவிட்டுவிடும். குஞ்சு இருக்கும்போதும், பெரிய பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் உடனே கிளம்பிவிடுங்கள். விராலடிப்பான் (osprey) என்ற மீன்பிடிக்கும் பறவைக்கும் இந்த வழி உதவாது: அது குளிர்காலத்தில் இங்கே மீன் பிடிக்க வருவதோடு சரி, கூடு கட்டுவது வடக்கே வேறு நாடுகளில்.