பத்துக் கொடி வெனிலா போதும்

வெனிலா வைக்கப் போகிறேன், எத்தனை கொடி வைக்கலாம் என்று யார் கேட்டாலும் பத்து என்றுதான் சொல்வேன். இருநூறு வைத்துக் கை சுட்டுக்கொண்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான்.

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. 2003-இல் மாமனார் அதில் இருநூறு கொடி ஊன்றினார். மடகாஸ்கரில் 2000-இல் அடித்த புயலுக்குப் பிறகு விலை ஏறிக்கொண்டே போய், பச்சைக் காயே கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற காலம் அது. கொடித் துண்டு வாங்க என் நாலு வளையல் அடகுக்குப் போனது. எங்கள் கொடி பூப்பதற்குள் விலை விழுந்துவிட்டது. முதல் காய் இறங்கிய வருஷம் கிலோ நூறு ரூபாய்க்குக்கூட ஆள் வரவில்லை. மாமனார் ஒன்றும் பேசவில்லை. அரிவாளை எடுத்துப்போய் அத்தனையையும் வெட்டிவிட்டு மிளகை ஏற்றினார். தண்ணீர்த் தொட்டி ஓரம் இருந்த பத்தை மட்டும், “இது கிடந்துட்டுப் போகட்டும் கண்ணு” என்று விட்டுவைத்தார். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பத்தில்தான்.

வெனிலா ஆர்க்கிட் குடும்பம். ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்குப் போயிருந்தால், மரத்தைப் பிடித்துக்கொண்டு வேரைக் காற்றில் விட்டுத் தொங்கும் செடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு உறவுக்காரிதான் இவளும். அதனால் குழி தோண்டி ஆழமாக நடுகிற வேலை இங்கே கிடையாது. ஏற்காடு ஊருக்குள் 1500 மீட்டர் உயரம்; அந்த மார்கழிக் குளிர் இதற்கு ஆகாது. பாதி மலை நல்லது. சேலத்து மாடியில் வைக்கலாமா என்று தங்கை கேட்டாள். நிழல் வலை கட்டி, சித்திரை முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க முடியுமென்றால் வைத்துப் பார் என்றேன். அதோடு பேச்சை விட்டுவிட்டாள்.

ஏற கல்யாண முருங்கையோ கிளிரிசிடியாவோ போதும். சில்வர் ஓக் மிளகுக்குச் சரி. வெனிலாவுக்கு வேண்டாம், கைக்கு எட்டாத உயரத்துக்குக் கூட்டிப்போய்விடும். ஒரு மீட்டர் நீளமுள்ள கொடியாக வெட்டி, அடி இலை மூன்று நான்கைக் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் நிழலில் தொங்கவிடுங்கள். வெட்டும்போது வடிகிற சாறு கையில் பட்டால் கருணைக்கிழங்கு மாதிரி அரிக்கும்; தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுவது என் பழக்கம். இலை கிள்ளிய பகுதியை மரத்தடியில் படுக்கவைத்து, இரண்டு விரல் கனத்துக்கு மக்கிய இலை மண்ணைப் போட்டு மூடவேண்டும். வெட்டுவாய் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியட்டும், இல்லாவிட்டால் அங்கிருந்தே அழுகும். மேல் பகுதியை வாழைநாரால் மரத்தோடு கட்டுங்கள். அப்புறம் அந்தப் பக்கம் மண்வெட்டியே போகக் கூடாது. வேர் மேலாகத்தான் ஓடும். தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வரும். வந்த கொடியைத் தயங்காமல் பிடுங்கித் தூர எறிந்துவிடவேண்டும்.

ஐந்தடி ஏறியதும் கொடியைக் கவட்டையில் போட்டுக் கீழே தொங்கவிடுங்கள். தொங்குகிற பகுதியில்தான் பூக்கும். மூன்றாம் வருஷம் ஆடியில் நுனியை நாலு விரல் கிள்ளிவிட்டு, மழை நின்றபின் மார்கழியில் தண்ணீரைக் குறைத்தால், தை மாசியில் இலைக் கக்கத்தில் பூங்கொத்து தலைகாட்டும்.

இனிமேல்தான் வேலை. பூ விடியலில் திறக்கும், மதியத்துக்குமேல் வாடிவிடும். அந்த ஒரு காலைதான் அதற்கு. கொத்துக்குப் பதினைந்து இருபது மொட்டு இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் விரியும், எனவே ஒன்றரை மாதம் ஊருக்கே போக முடியாது. மாசியில் வந்த என் சித்தி மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

மெக்சிகோவில் அதன் சொந்தக் காட்டில் இந்தப் பூவுக்குத் தேனீ இருக்கிறது. வெளியே கொண்டுபோன இடங்களில் கொடி தழைத்தது, காய்க்கவில்லை. 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைப் பையன்தான் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சுலபமான வழியைக் காட்டினான். இன்றும் உலகம் முழுக்க அவன் வழிதான். என் குச்சி, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி, நுனியை மழுங்கத் தேய்த்தது.

பூவை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொள்ளுங்கள். குழல் மாதிரி சுருண்ட இதழை ஈர்க்குச்சியால் ஒரு பக்கம் கிழித்துக் கீழே தள்ளினால் உள்ளே வெள்ளைத் தண்டு ஒன்று நிற்கும். அதன் தலையில் மஞ்சளாக மகரந்தம், அதற்குக் கீழே ஈரமாகப் பளபளக்கும் குழி. இரண்டுக்கும் நடுவே சின்ன நாக்கு மாதிரி ஒரு மடல், கதவு சாத்தியதுபோல. குச்சியின் நுனியால் அந்த நாக்கைத் தூக்கி மேலே மடக்கிப் பிடித்து, கட்டைவிரலால் மகரந்தத்தைக் குழிமேல் மெதுவாக அழுத்துங்கள். ஒட்டியது விரலுக்கே தெரியும். குச்சியை உருவிவிட்டு அடுத்த பூ. முதல் நாள் ஒரு பூவுக்கு ஐந்து நிமிஷம் ஆனது, இப்போது பத்து விநாடிகூட ஆவதில்லை. இரண்டு மூன்று நாளில் பூ கீழே விழுந்தால் தோல்வி. வாடியும் ஒட்டிக்கொண்டிருந்தால் காய்.

கொத்துக்கு எட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆசைப்பட்டு ஒரு வருஷம் கிடைத்த பூவுக்கெல்லாம் சேர்த்தேன். காய் அவரைப் பிஞ்சு மாதிரி மெலிந்து நின்றது, மறு வருஷம் கொடி பூக்கவே இல்லை.

காய் ஒன்றரை மாதத்தில் முழு நீளம் வந்துவிடும். ஆனால் முற்ற ஒன்பது மாதம் ஆகும். காயின் கீழ் நுனி லேசாக மஞ்சள் ஏறியதும் ஒவ்வொன்றாகப் பறிக்கவேண்டும், விட்டால் வெடித்துவிடும். பறித்த காயை மோந்து பார்த்து ஏமாறாதவர்கள் கிடையாது. ஒரு வாசமும் இருக்காது. வாசத்தை நாம்தான் வரவழைக்கவேண்டும்.

அதற்கு முதலில் வெந்நீர். 65 டிகிரி, மூன்று நிமிஷம், அவ்வளவுதான். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கண் மதிப்பு இங்கே உதவாது. முதல் தடவை நான் தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டுவிட்டேன். வாசத்தைப் பிரித்துக் கொடுக்கும் நொதி அந்தச் சூட்டில் செத்துப்போகும். மூன்று மாதம் காத்திருந்தும் வேகவைத்த மொச்சை வாடைதான் வந்தது. வெந்நீரிலிருந்து எடுத்ததும் துடைத்து, சூடு ஆறுவதற்குள் கம்பளியில் சுற்றி, ஹாட்பாக்ஸில் வைத்து மூடுங்கள். இரண்டு நாளில் பச்சை போய்ச் சாக்லெட் நிறம் வரும். பிறகு பத்து நாள், பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை கம்பளிமேல் வெயிலில் காயவைத்து, சூட்டோடு சுருட்டி மறுபடி பெட்டிக்குள் வைக்கவேண்டும்.

இங்கேதான் எங்கள் மலை கழுத்தறுக்கும். காய் இறங்குவது கார்த்திகையில், மேலே மழையும் மூட்டமும். ஒரு வருஷம் பாதிக்குப் பாதி பூஞ்சணம் பிடித்தது. அதிலிருந்து கம்பளி மூட்டையோடு மலை இறங்கி, அஸ்தம்பட்டியில் தங்கை வீட்டு மாடிக்குப் போய்விடுகிறேன். சேலத்து வெயிலைத் திட்டாத ஒரே ஆள் நான்தான். அப்புறம் ஒரு மாதம் நிழலில் தட்டில் பரப்பி, தினமும் விரலால் நீவிவிடவேண்டும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைந்தால் சரியான பதம். எண்ணெய்த்தாளில் சுற்றி டப்பாவில் மூன்று மாதம் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், ஒன்றில் வெள்ளை கண்டால் எடுத்து வீசிவிடுங்கள். மூன்று கிலோ பச்சைக் காய்க்கு அரைக் கிலோ தேறும்.

கடை எசன்ஸ் பெரும்பாலும் ஆலையில் செய்த வெனிலின். 1874-லேயே ஜெர்மனியில் அதைச் செய்துவிட்டார்கள். கேக்குக்கு அது போதும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காயின் வாசத்தில் வெனிலின் ஒரு பங்குதான். வீட்டு எசன்ஸுக்குக் கால் லிட்டர் வோட்காவுக்கு 25 கிராம், அதாவது ஏழெட்டுக் காய், நீளவாக்கில் கீறிப் போட்டு இரண்டு மாதம் இருட்டில் வைக்கவேண்டும். வோட்கா வாங்கிவரக் கொழுந்தனாரைத்தான் அனுப்பினேன். பாட்டிலை அத்தை கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவர் கண்டுபிடித்து, மோந்து பார்த்து, “இதைக் குடிச்சா கேக் வாசமா வரும்?” என்று கேட்டார்.

ஜவ்வரிசிப் பாயசத்துக்கு ஒரு காயைக் கீறி, உள்ளே இருக்கும் கருப்பு விதையைக் கத்தி முதுகால் வழித்து, அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். ஏலக்காய் சேர்க்காதீர்கள், இரண்டும் ஒரே பாத்திரத்தில் சண்டை போடும். மல்கோவா துண்டுகளில் வெனிலா போட்டுவைத்த சர்க்கரையைத் தூவி அரை மணி நேரம் ஊறவிட்டால் எங்கள் வீட்டில் மிச்சமே இருப்பதில்லை. வழித்த தோலைத் தூக்கிப் போடவேண்டாம். கழுவிக் காயவைத்துக் காப்பித்தூள் டப்பாவில் போட்டுவைப்பேன். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் இது எந்த எஸ்டேட் காப்பி என்று கேட்பார்கள். மாமனார் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டுவார்.